மிளகாய்த் தூசி என்று சொன்னேன்

அன்று அறைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். பல் நாற்காலியில் பகவதியக்கா. தட்டைப் பிடித்துக்கொண்டு உதவியாளர் மேரிச் சேச்சி. கையில் குறடோடு நான். வெளியே பெஞ்சில் அக்காவின் மகள் சரோஜா, தூக்குவாளியில் ஐஸ் கட்டிகளோடு உட்கார்ந்திருந்தாள். இல்லாதவர் பெரிய டாக்டர். திருப்பூணித்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் மட்டும் அன்று இருந்திருந்தால் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், அந்தச் சமாதானம் இனி எனக்குத் தேவையில்லை. அவர் இருந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எழுபதுகளின் பிற்பாதி. கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் ஓர் அரிசி மண்டிக்கு மேலே, மரப்படி ஏறிப் போகும் மாடியில் எங்கள் கிளினிக். பெரிய டாக்டர் மலையாளி, ஊரில் நல்ல பெயர் உள்ளவர். நான் அவரிடம் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. என் அப்பா ஃபோர்ட் கொச்சியில் துணி வெளுக்கிறவர். அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவும் அதே வேலைதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரிப் புத்தகங்களை அட்டை போட்டு, தேதி எழுதி, இரவல் கொடுக்காமல் வைத்திருந்த ஆள். எனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் ரொம்பக் கவனமாக இருந்தேன். அது எத்தனை ஆபத்தான கவனம் என்று அப்போது எனக்குச் சொன்னாலும் ஏறியிருக்காது.

பகவதியக்கா பக்கத்து மிளகாய் மண்டியை ஒட்டிய சரக்குக் கிட்டங்கியில் சுக்கு பொறுக்குகிறவர். ஐம்பதைத் தாண்டிய வயது. அவருடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். முற்றத்தில் சுக்கைக் கொட்டி வைத்திருப்பார்கள். பத்துப் பதினைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்து வண்டு துளைத்தது, பூசணம் பிடித்தது, சுருங்கியது என்று பிரிப்பார்கள். மற்றவர்கள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துத்தான் போடுவார்கள். அக்கா எடுக்கும்போதே தெரிந்துவிடும். ஊசி முனை அளவு துளையையும் அவர் கண் விடாது. அதனால் கப்பலுக்குப் போகிற முதல் தரம் அவர் கையால்தான் பிரிக்கப்படும். முதலாளியே அவரிடம் குரலை உயர்த்த மாட்டார்.

முதல் தடவை அவர் வந்தது வாய் எரிச்சலுக்கு.

"தம்பி, மீன்கொழம்பு வாயில வைக்க முடியல. கப்பக்கிழங்கை வெறும் உப்பு போட்டுத் தின்னுட்டுக் கெடக்கேன். கூட வேலை பாக்குறவளுங்க, பகவதிக்கு வெள்ளக்கார மதாம்மா நாக்கு வந்துட்டுதுன்னு சிரிக்கிறாளுங்க."

வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு முழுக்கத் தோலுரித்த மாதிரி சிவப்பு. பஞ்சால் லேசாகத் துடைத்தேன். பாலாடை விரலோடு வருவது போல மேல்தோல் பஞ்சோடு வந்தது. அடியில் ரத்தம் கசிந்தது. எனக்குள் ஏதோ ஒன்று தயங்கியது உண்மை. கல்லூரியில் ஒரு வகுப்பு, ஒரு நீளமான பெயர், பரீட்சைக்கு வராது என்று நான் பக்கத்தைத் திருப்பிய ஓர் அத்தியாயம். தயக்கம் அவ்வளவுதான், பெயர் வரவில்லை.

"வேற ஏதாவது தொந்தரவு உண்டாக்கா?" என்று கேட்டேன். கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், கேட்டேன்.

"கண்ணும் எரியுது. காலையில எந்திரிச்சா எமை ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. நந்தியாவட்டைப் பூவைத் தண்ணியில போட்டுக் கழுவுறேன்."

"மிளகாய் மண்டிக்குப் பக்கத்துல உக்காந்துட்டுக் கண்ணு எரியலன்னாதான் அதிசயம்" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டார். மேரிச் சேச்சியும் சிரித்தார். "என்டெ கண்ணப் பாரு, நான் மண்டிக்குள்ள போறதே இல்ல, எனக்கே எரியுது" என்றார். நியாயமான சிரிப்புதான். மட்டாஞ்சேரியில் வெயில் ஏறினால் தெரு முழுவதும் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் நடக்கும். மூட்டை தூக்குகிறவர், கணக்குப்பிள்ளை, சாயா கடைக்காரர், எல்லாருக்கும் கண் சிவப்பு. வேறு ஊரில் சிவந்த கண்ணோடு ஒருவர் வந்தால் டாக்டர் ஏன் என்று கேட்பார். எங்கள் ஊரில் வெளுத்த கண்ணோடு வந்தால்தான் கேட்போம். ஊருக்கே பொதுவானது என்று நான் நினைத்த ஒன்றுக்குள், அந்த ஒருவருக்கு மட்டும் உரியது ஒளிந்துகொண்டிருந்தது. கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? நீங்கள் இப்போதே உங்கள் இமையை இழுத்துப் பாருங்கள். அவ்வளவு நேரம்தான்.

ஆறு மாதம் பல்லைச் சுத்தம் செய்தோம், வைட்டமின் மாத்திரை கொடுத்தோம், ஊதா மருந்து தடவினோம். சில வாரம் குறையும், பிறகு கூடும். அக்கா மெலிந்துகொண்டே வந்தார். ஒரு நாள் அவரே கேட்டார்.

"எல்லாத்தையும் புடுங்கிரு தம்பி. பல்லு போனா எரிச்சலும் போயிரும்ல?"

நான் பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "எடோ, பல்லே இல்லாத வாயில பயோரியா எவிடேருந்து வரும்? எடுத்துடு. அவங்களே சம்மதிக்குறாங்க, பின்ன என்ன?" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் பயோரியா வந்து ஈறு கெட்டால் பல்லை எடுப்பது எங்கும் நடந்ததுதான். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் எட்டித்தான் பார்த்தார். ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

நான்கு தடவையாக எடுப்பது என்று திட்டம். முதல் தடவை கீழ்ப்பற்கள் பலவற்றை எடுத்தபோதே கஷ்டமாக இருந்தது. என் கைக்குப் பழக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது தடவைதான் நான் தொடக்கத்தில் சொன்ன நாள்.

மேல் வரிசையில் கோரைப்பல். குறட்டை வைத்து அசைத்தேன். அசையவில்லை. மறுபடி. தோள்பட்டை வலிக்கிற அளவுக்கு மல்லுக்கட்டினேன். பயோரியா வந்த பல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எலும்பு கரைந்து, நாக்கால் தள்ளினாலே ஆடும். சில சமயம் நோயாளியே வீட்டில் பிடுங்கிக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு வருவார். இது அப்படியில்லை. ஒருவழியாக வெளியே வந்தது. நீளமான, சுத்தமான வேர். காறை இல்லை, அரிப்பு இல்லை. புத்தகத்தில் படம் போடலாம், அப்படியொரு பல்.

மேரிச் சேச்சி அதைத் தட்டில் வாங்கினார். பஞ்சால் ரத்தத்தைத் துடைத்துப் பார்த்தார்.

"டாக்டரே, இது நல்ல பல்லாச்சே. ஆடுன பல்லு மாதிரி இல்லையே?"

நான் அடுத்த பல்லில் குறட்டை வைத்தேன்.

"முந்தின வாரம் எடுத்ததும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார் மறுபடி, கொஞ்சம் மெதுவாக.

"சேச்சி, நீங்க தட்டைப் பிடிங்க."

அவர் தட்டைப் பிடித்தார். இருபது வருடம் அந்த அறையில் நின்றவர். நான் எடுத்ததைவிட அதிகமான பற்களைக் கண்ணால் பார்த்தவர். தட்டைப் பிடி என்று சொன்னேன்.

அந்த இடத்தில் குறட்டைக் கீழே வைத்திருக்க வேண்டும். எனக்கு அது தெரிந்தே இருந்தது, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. பல் கெட்டியாக இருக்கிறது, ஈறு மட்டும் உரிகிறது என்றால் குற்றம் பல்லில் இல்லை. தோலில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், மேரிச் சேச்சி தட்டில் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் பாதி வாய் காலியாகிவிட்டது. இப்போது நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று அக்கா கேட்பார், வெளியே மகள் கேட்பாள், சாயந்தரம் பெரிய டாக்டர் கேட்பார். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஏற்றுக்கொண்ட மூட்டையைப் பாதி வெளுத்துத் திருப்பிக் கொடுப்பதில்லை. மழை பிடித்தாலும், காய்ச்சலில் கிடந்தாலும் முடித்துத்தான் கொடுப்போம். நானும் முடித்துத்தான் கொடுத்தேன். அன்று மிச்சத்தையும், அடுத்த இரண்டு தடவைகளில் மிச்சத்தின் மிச்சத்தையும். வாயும் ஒரு மூட்டை என்று நினைத்துவிட்டேன்.

காயம் ஆறியதும் பல் செட்டு செய்து கொடுத்தோம். இரண்டு வாரத்தில் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அக்கா வந்தார்.

"இத வச்சா வாயில கொப்புளம் போடுது. எடுத்தா பேச்சு சளசளன்னு போகுது. கிட்டங்கியில என் பேரை மாத்திட்டாளுங்க தம்பி."

"என்ன பேரு?"

"வேண்டாம். நீ படிச்சவன்."

செட்டு உரசிய இடமெல்லாம் தோல் உரிந்திருந்தது. நான் செட்டை அரைத்தேன். அடுத்த வாரம் வேறு இடத்தில் உரிந்தது. அங்கேயும் அரைத்தேன். ஏறக்குறைய ஒரு வருடம் அந்த மனுஷி படி ஏறி வருவதும் நான் செட்டை அரைப்பதுமாகப் போயிற்று. புண் இடம் மாறிக்கொண்டே இருந்தால் உரசுகிற பொருளைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும், உரசலைத் தாங்க முடியாத தோலைப் பார்க்க வேண்டும். இதை நான் வருடக் கணக்கில் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், எங்கே கற்றேன் என்று மட்டும் சொன்னதில்லை.

அந்த வருடக் கடைசியில் சரோஜாதான் கண்ணைப் பற்றிய பேச்சை எடுத்தாள். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா, அம்மாவை முதல் தரத்துலேருந்து எடுத்துட்டாங்க. ஓட்டைச் சுக்கெல்லாம் மூட்டைக்குள்ள போயிருக்கு. இப்ப முற்றம் கூட்டுறாங்க."

"கண்ணு சரியாத் தெரியலையா?"

"எமை முடி உள்பக்கமா வளருது. குத்துதுன்னு அழுவாங்க. பக்கத்து வீட்டுத் தட்டார்கிட்ட சின்ன இடுக்கி வாங்கி நான்தான் வாரா வாரம் புடுங்குறேன்."

 வாயைப் பார்க்கிற விளக்கைக் கொஞ்சம் மேலே திருப்பினேன். கண் அவ்வளவு பக்கத்தில்தான் இருந்தது, ஒரு சாண்கூட இல்லை. கீழ் இமையை இழுத்தேன். அது முழுதாக வரவில்லை. இமையின் உள்பக்கத்திலிருந்து கண் விழிக்கு ஒரு சதைப் பட்டை ஓடியிருந்தது, கிழிந்த துணியை அவசரத்தில் இழுத்துத் தைத்த மாதிரி. வலது கண்ணில் கருவிழி மேல் வெண்படலம். இடது கண்ணிலும் பட்டை தொடங்கியிருந்தது.

வீட்டுக்குப் போய் அந்த அத்தியாயத்தைத் திறந்தேன். அட்டை கசங்காத புத்தகம். வாய், கண், மூக்கு, தொண்டை என்று ஈரத் தோல் இருக்கும் இடங்களில் உடம்பே தன் தோலைத் தள்ளிவிடும் நோய். பெரும்பாலும் வயதான பெண்களுக்கு வரும். ஈறில் தொடங்கும், கண்ணில் தழும்பாக முடியும். அக்காலப் புத்தகங்களில் அந்த நோயின் பெயருக்கு முன்னால் 'தீங்கற்ற' என்றொரு சொல்லைச் சேர்த்திருந்தார்கள். புற்று அல்ல என்ற அர்த்தத்தில். 

மறுநாள் அக்காவைப் படகில் எறணாகுளத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே தோல் நோய்ப் பிரிவில் ஒரு லேடி டாக்டர், என் வயதுதான் இருக்கும். வாயைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். சோதனைக்கு ஒரு துணுக்குத் தோல் எடுத்தார். கை கழுவிக்கொண்டே என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார், இந்தப் பற்களை யார் எடுத்தது என்று. நான்தான் என்றேன். அதில் ஆடிய பல் எத்தனை என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.  அவர் கையைத் துடைத்துவிட்டு மருந்துச்சீட்டு எழுத ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

திரும்பி வரும்போது படகில் காற்று பலமாக இருந்தது. அக்கா முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல என்னமோ கேட்டாளே, என்ன தம்பி?"

"செட்டு எப்போ வச்சதுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒரு வருஷமாச்சுன்னேன்."

"ஓ" என்றார்.

ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் வாய் அடங்கிவிட்டது. ஈறு இளஞ்சிவப்பாக, பஞ்சால் துடைத்தாலும் உரியாமல், பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. பல் எதுவும் இல்லாத ஈறு. பற்கள் இருந்திருந்தாலும் அதே மாத்திரையில் அது அடங்கியிருக்கும். கண்ணில் விழுந்த தழும்பு மட்டும் எந்த மாத்திரைக்கும் கரையாது. வலது கண் சில மாதங்களில் இருண்டுவிட்டது. இடது கண் போன தூரத்தோடு நின்றது. கிட்டங்கி வேலையும் போயிற்று. சரோஜாவைக் கட்டிக்கொடுத்த பிறகு அக்கா மகளோடு இடக்கொச்சிக்குப் போய்விட்டார். நான் உண்மையைச் சொல்ல நினைத்தேன், பண்டிகை வரட்டும் என்று நினைத்தேன், அவருக்கு உடம்பு தேறட்டும் என்று நினைத்தேன். இப்படி நினைத்துக்கொண்டே ஆறு வருடத்தைக் கடத்தினேன். அதற்குள் பெரிய டாக்டர் ஓய்வெடுத்துக்கொண்டார், மாடியிலிருந்த பலகையில் என் பெயர் ஏறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து இடக்கொச்சிக்குப் போனேன். அக்கா பின்கட்டில் பலகையில் உட்கார்ந்து செம்மீன், அதாவது இறால், உரித்துக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை, முகத்தை நிமிர்த்தி எங்கேயோ வைத்துக்கொண்டு விரலாலேயே இறால் தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, நரம்பை இழுத்துப் போட்டார். வேகம் அப்படியே இருந்தது.

"யாரு, டாக்டர் தம்பியா? நடையிலேயே தெரியுது. உக்காரு. சரோஜா, சாயா போடு."

"அக்கா, ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்."

"சொல்லு."

"அந்தப் பல்லெல்லாம் எடுத்திருக்கவே வேண்டாம். நோய் பல்லுல இல்ல. நான் தப்பாப் பாத்துட்டேன். முதல் நாளே கண்ணைப் பாத்திருந்தா கண்ணையும் காப்பாத்தியிருக்கலாம்."

அவர் கை நிற்கவில்லை. இன்னொரு செம்மீனை எடுத்தார்.

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"மேரி அன்னைக்கே சொன்னாளே, நல்ல பல்லுன்னு. வாயைத்தானடா மரக்க வச்சே, காதையுமா மரக்க வச்சே?"

அவர் என்னை டா போட்டது அதுதான் முதல் தடவை.

"அப்ப ஏன் அக்கா என்னைக் கேக்கல?"

"வாய்க்குள்ள உன் கை இருந்துச்சு."

சரோஜா சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அதுக்கப்புறமாவது கேட்டிருக்கலாமே."

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். படகுல சொல்லுவேன்னு நெனச்சேன். நீ செட்டைப் பத்திச் சொன்னே." ஒரு செம்மீனைத் தூக்கிப் போட்டார். "உங்கப்பா ஒருதரம் என் பட்டுச்சேலையில சாயத்தை ஏத்திட்டாரு. கல்யாணச் சேலை. அன்னைக்குச் சாயங்காலமே வந்து வாசல்ல நின்னாரு. சேலையை விரிச்சுக் காட்டி, நான்தாம்மா கெடுத்துட்டேன்னாரு. வாய்க்கு வந்தபடி வஞ்சேன். கேட்டுட்டு நின்னாரு. அதுக்கப்புறமும் அவருகிட்டதான் துணி போட்டேன்."

எனக்கு அந்தக் கதை தெரியாது. அப்பா வீட்டில் சொன்னதே இல்லை.

"என்னையும் வையுங்க அக்கா" என்றேன்.

"ஆறு வருஷம் கழிச்சு வந்து வையுங்கன்னா எங்கேருந்து வரும்? சாயாவைக் குடி, ஆறிப்போகும்."

குடித்தேன். உங்களில் யாராவது ஒருவர் என்றாவது ஒரு நல்ல பல்லைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்பீர்கள். தவறு எல்லாருக்கும் வரும், அதிலிருந்து உங்களை என்னால் காப்பாற்ற முடியாது. அந்த இடத்தில் நிறுத்துங்கள். பாதி வாய் காலியாக இருந்தாலும் பரவாயில்லை, மிச்சப் பாதி அவர்களுடையது. அன்று சாயங்காலமே போய்ச் சொல்லுங்கள், வைகிறதற்கு அவர்களிடம் வார்த்தை இருக்கும்போதே.

நான் கிளம்ப எழுந்தபோது அக்கா கேட்டார்.

"எத்தனை எடுத்தேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருபத்தாறு."

"இருபத்தேழு. கடைசி நாளு ஒண்ணு உடைஞ்சு வேரு உள்ள நின்னுட்டுது. மறுநாள் கூப்பிட்டு எடுத்தே. நீ அதை எண்ணியிருக்க மாட்டே."

அவர் சொன்னதுதான் சரி. இருபத்தேழு நல்ல பற்கள், வலது கண் முழுவதும், இடது கண்ணில் பாதி.